கேமரா இல்லாமல் வரச் சொன்னாள்

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், அதற்குக் கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

திங்கட்கிழமைதானே? பதினொன்றரைக்கு உங்கள் கல்லூரி அரங்கில். வருகிறேன். அன்றைக்கு என் மகளுக்குக் கல்யாணம்தான். கருங்கல் ஊரில், சபைக் கோவிலில், பதினோரு மணிக்கு. அதனால் ஒன்றுமில்லை. வருகிறேன் என்றுதானே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் சார் எழுந்துவிட்டீர்கள்? வேறு தேதி எல்லாம் பார்க்க வேண்டாம். நோட்டீஸ் அச்சடிக்கக் கொடுத்தாயிற்று என்று போனில் சொன்னீர்களே. ‘தயக்கத்தை வென்ற கலைஞர்கள்.’ நல்ல தலைப்பு. அதில் என் பெயர் மூன்றாவதா? பரவாயில்லை. ஜாண்றோஸ் என்று போடுங்கள், வல்லின றகரம். முதலில் ஒருவர் பேசி முடித்து, இரண்டாமவர் பேசி முடித்து, நான் ஏறும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். அதனால் என்ன பேசப்போகிறேன் என்பதை இப்போதே உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நீளம் அதிகமென்றால் எங்கே வெட்டலாம் என்று சொல்லுங்கள். டீ வரும்.

என்னுடைய பயம் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்ல வேண்டும். எனக்குப் படம் எடுக்கத் தெரியாது என்ற பயம் இல்லை. படம் எடுக்கத் தெரியும். மனிதர்களிடம் இங்கே பாருங்கள் என்று சொல்ல வராது. அவ்வளவுதான். சின்ன விஷயம்போலத் தெரியும். எங்கள் ஊர் கேரள எல்லையில் இருக்கிறது, ஐந்தாம் வகுப்பு வரை மலையாளத்தில் படித்தேன், பிறகு குழித்துறையில் தமிழ்ப் பள்ளிக்கூடம். இங்கே வந்தால் நான் பேசுவது மலையாளம் என்று சிரித்தார்கள். லீவுக்கு அங்கே போனால் தமிழன் என்று சிரித்தார்கள். வாயைத் திறக்கும் முன்னால் எந்த மொழியில் திறப்பது என்று ஒரு கணம் யோசிப்பேன். அந்த ஒரு கணத்தில் எதிரில் இருப்பவன் போய்விடுவான்.

பஹ்ரைனில் எனக்கு அந்தத் தொல்லை இல்லை. அலுமினியக் கதவு, ஜன்னல் போடும் கம்பெனி. கட்டிடம் முடிந்ததும் கேட்டலாகுக்குப் படம் எடுக்க வேண்டும். அதைச் செய்தேன். கட்டிடத்தைப் பார்த்துச் சிரி என்று சொல்ல வேண்டியதில்லை. பதினைந்து வருடம் வெறும் கதவும் ஜன்னலும். ஊருக்கு அனுப்பினால் என் மனைவி சுகிர்தா போனில் சொல்வாள், “எல்லா வீட்டையும் எடுத்திருக்கீங்க. ஒரு வீட்டுலயும் ஆளு இல்லியே. எல்லாரும் எங்க போனாங்க?” நான் சிரிப்பேன். அவளிடம் பேச எனக்கு யோசிக்க வேண்டியிருந்ததில்லை.

கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது வந்துவிட்டேன். சொந்தத் தொழில் செய்ய வேண்டும், அதுவும் கலையாக இருக்க வேண்டும், இன்னொருவன் கேட்டலாகுக்காக இல்லை என்று ஒரு வெறி. மார்த்தாண்டத்தில் இந்த மாடியைப் பிடித்தேன். கீழே அப்போதும் பேக்கரிதான். ஸ்டுடியோ என்றால் கல்யாணம். கல்யாணம் என்றால் ஐந்நூறு பேர், அத்தனை பேரும் போட்டோகாரன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

முதல் கல்யாணம் திக்குறிச்சியில். மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்கிறார்கள், இரண்டு வீட்டாரும் நிற்கிறார்கள், நான் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறேன். நிற்கிறேன், நிற்கிறேன். பெண்ணின் மாமன் ஒருவர் சத்தம் போட்டார், “லேய் போட்டோகாரா, வாயில என்ன கொழுக்கட்டையா? எடுக்கியா, இல்ல நாங்க பந்திக்குப் போவட்டா?” எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை எடுத்திருந்தால் நல்ல படம். அதுகூட அப்போது தோன்றவில்லை.

அடுத்த கல்யாணத்துக்கு சுகிர்தா கூட வந்தாள். அவளாகவே வந்தாள், நான் கேட்கவில்லை. என் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவள் சொல்வாள். “சித்தி, இங்க பாருங்க. மாப்ள, மொகத்த இப்படி வச்சா பொண்ணு ஓடிப்போவா. சிரிங்க, சிரிங்க.” அவள் சொல்ல நான் எடுப்பேன். இரண்டு வருடம் இப்படித்தான் ஓடியது. என் மகள் பெனிலா அப்போது பள்ளிக்கூடத்தில். அவளையும் கூட்டிக்கொண்டு போவோம், மணமேடைக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஊரில் ‘புருஷன் கண்ணு, பெண்டாட்டி வாயி’ என்று எங்களுக்குப் பெயர் வைத்தார்கள். எனக்கு அது அவமானமாக இருந்தது. ஒரு கலைஞனுக்கு அது அவமானம்தானே சார்?

அதனால் அந்த இரண்டு வருடத்தைப் பேச்சில் சேர்க்க வேண்டாம் என்று நினைக்கிறேன். உண்மையில் என் தொழில் அதற்கப்புறம்தான் தொடங்குகிறது.

ஞாறாம்விளையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இறந்துவிட்டார். பிள்ளைகளில் ஒருவன் ஹூஸ்டனில், டிக்கெட் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடக்க ஆராதனைக்குத் தூக்கும் முன்னால் பெட்டியைச் சுற்றிக் குடும்பமெல்லாம் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மகன்கள், மகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக. அதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். பெனிலாவுக்கு அன்று காய்ச்சல், சுகிர்தா வரவில்லை. தனியாகப் போனேன்.

எல்லாரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். எவரும் அசையவில்லை. நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். வாயை எந்த மொழியில் திறப்பது என்று யோசித்தேன், வழக்கம்போல. பிறகு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை, இரண்டு வருடமாக சுகிர்தா சொல்லிச் சொல்லிக் காதில் விழுந்தது வாயில் வந்துவிட்டது. நல்ல சத்தமாக, தெளிவாகச் சொன்னேன், “எல்லாரும் கொஞ்சம் சிரிங்க.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்றைக்கு என்னை அடித்துத் துரத்துவார்கள் என்று நினைத்தேன். இல்லை சார். ஐந்து பேர் சிரித்தார்கள். பல் தெரிய, கேமராவைப் பார்த்து. இறந்தவரின் தங்கை இரண்டு பேர், ஒரு மருமகன், பேத்தி ஒருத்தி, பக்கத்து வீட்டுக்காரர். மற்றவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள், அவர்களுக்குக் காது கேட்கவில்லை. ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்த்து, யாருடா நீ என்று கேட்கவில்லை. அந்தப் படத்தை அனுப்பினேன். ஹூஸ்டனிலிருந்து மகன் கூப்பிட்டான். “அண்ணா, அத்தைகளெல்லாம் எவ்வளவு அமைதியா இருக்காங்க. அப்பா நல்ல சாவு செத்திருக்கார்னு இதப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்” என்று அழுதான்.

அன்றைக்கு எனக்கு இரண்டு விஷயம் தெரிந்தது. இதை மாணவர்களிடம் அழுத்திச் சொல்வேன். ஒன்று, உன்னை யாரும் பார்க்கவில்லை. நீதான் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று நினைத்துச் சாகிறாய். இரண்டு, கேமரா பிடித்தவன் சொன்னால் மனிதர்கள் செய்வார்கள். துக்கத்திலும் செய்வார்கள். அந்த நேரத்தில்தான் இன்னும் நன்றாகச் செய்வார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறவர்களுக்கு எவனாவது ஒருவன் சொன்னால் போதும்.

பயம் அத்தோடு போய்விட்டது. பிறகு கல்யாணம் எடுக்கவில்லை. துக்க வீடு மட்டும். நல்ல வெளிச்சம் எங்கே விழுகிறது, பெட்டியை எந்தப் பக்கம் வைத்தால் முகம் தெரியும், வெளிநாட்டுக்கு லைவ் போடும்போது யார் எங்கே நிற்க வேண்டும், எல்லாம் நான் சொல்வதுதான். ஒரு வீட்டில் அக்காளும் தங்கையும் தலைமாட்டில் யார் நிற்பது என்று பிடித்துக்கொண்டார்கள். “பத்து வருசம் பீ மூத்திரம் அள்ளினது நானாக்கும்” என்கிறாள் ஒருத்தி. “அம்மைக்கு மருந்து வாங்கப் பணம் அனுப்பினது யாருக்க புருஷன்” என்கிறாள் மற்றவள். போதகர் ஜெபப் புத்தகத்தை மூடிவிட்டார். நான் மூத்தவளிடம் போய்ச் சொன்னேன், “அக்கா, கால்மாட்டுல வெளிச்சம் நல்லா இருக்கு. துபாய்ல உங்க மகன் பாத்தா உங்க முகந்தான் தெளிவாத் தெரியும்.” ஒரே நிமிடத்தில் கால்மாட்டுக்கு ஓடினாள். தங்கச்சிக்குக் கோபம், தனக்கு வெளிச்சம் இல்லையென்று.

இப்படி ஒரு கலையை நானே உண்டாக்கினேன். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை, இதற்கு றோஸைக் கூப்பிடு என்பார்கள். நிறைவு என்றால் நிறைவுதான் சார்.

சுகிர்தாவைக் கூட்டிப்போக வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அவள் ஒருமுறை கேட்டாள், “ஒரு கல்யாண வேலையாவது எடுங்களேன். நானும் வாறேன்.” எனக்கு எங்கே நேரம்? “இனி நீ கஷ்டப்பட வேண்டாம்” என்றேன். அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். சந்தோஷப்பட்டாள் என்று நினைக்கிறேன்.

சுவரில் அந்தப் படத்தைத்தானே பார்க்கிறீர்கள். வருகிறவர்கள் எல்லாருக்கும் கண் அங்கேதான் போகும். அதற்குத்தான் கொச்சியில் பரிசு கொடுத்தார்கள். பக்கத்தில் போய்ப் பாருங்கள். அது என் மகள். பெட்டியில் இருப்பது சுகிர்தா.

மூன்று வருடம் ஆகிறது. காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். திருவனந்தபுரம் கொண்டுபோனோம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மறுநாள் கொண்டுவந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் நான் கேமராவை எடுத்தேன். பின்னே யார் எடுப்பார்? வேறு எவனையாவது கூப்பிட்டால் ஃப்ளாஷ் அடித்துக் கெடுப்பான். அவள் தம்பி வின்ஸ்டன் என் கையைப் பிடித்தான். “அத்தான், இண்ணைக்காவது அத வையுங்க.” நான் வைக்கவில்லை. ஏழு வருடமாக ஊரார் வீட்டில் செய்ததை என் வீட்டில் செய்யாவிட்டால் அது என்ன தொழில்? என் கை ஆடவில்லை, கண் கலங்கவில்லை. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நான் எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று. திக்குறிச்சியில் வாய் திறக்காமல் நின்றவன் நான்.

குடும்பப் படத்தில் நான் இல்லை. எடுக்கிறவன் எப்படி இருப்பான்?

பெனிலா அம்மாவின் கையில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள். பெங்களூரில் நர்ஸ் வேலை, அன்றைக்கு அதிகாலைதான் வந்திறங்கினாள். கிழக்கு ஜன்னலில் வெயில் வந்தது. ஒரு நிமிடம்தான் அந்த வெயில் அப்படி இருக்கும். நான் சொன்னேன், “பெனிலா, மொகத்தக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பு மக்கா.” திருப்பினாள். லென்ஸைப் பார்த்தாள். எடுத்தேன்.

அந்தப் பார்வைக்குத்தான் பரிசு. நடுவர்களில் ஒருவர் சொன்னார், இந்தப் பெண்ணின் கண்ணில் இருப்பது என்னவென்று பெயர் சொல்ல முடியவில்லை, வெறும் துக்கம் இல்லை என்று. நான் துக்கம் என்றுதான் நினைக்கிறேன். அம்மா இறந்தால் பின்னே என்ன இருக்கும்? பரிசு கிடைத்த செய்தியை அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்ததற்கு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. அவளுக்கு இரவு டியூட்டி அதிகம்.

டீ ஆறுகிறது சார், குடியுங்கள்.

இப்போது கல்யாணம். பையன் கருங்கல்காரன், அவள் ஆஸ்பத்திரியிலேயே லேப் டெக்னீஷியன், நல்ல பையன். நான் ஒரு திட்டம் போட்டேன். பெண்ணை வாசலிலிருந்து பீடம் வரை அப்பாதான் கைபிடித்துக் கூட்டி வர வேண்டும், தெரியும்தானே. பெனிலாவிடம் போனில் சொன்னேன், வின்ஸ்டன் மாமன் கூட்டி வரட்டும். அவன் உயரமானவன், கோட்டு போட்டால் எடுப்பாக இருப்பான். நான் முன்னால் நின்று எடுக்கிறேன் என்று. பத்து வருடத்துக்குப் பிறகு ஒரு கல்யாணம் எடுக்கிறேன், அதுவும் மகள் கல்யாணம். அவளுக்கு இதைவிடப் பெரிதாக நான் என்ன கொடுக்க முடியும்?

 

“போட்டோவுக்கு ஆள் பாத்தாச்சு அப்பா” என்றாள்.

“யாரு? அவனுக்கு வெளிச்சம் தெரியுமா?”

“தெரியாது. தெரியாண்டாம். நீங்க எனக்க கூட நடக்கணும்.”

“நடக்கறதுக்கு மாமன் போதும் மக்கா. நான் எடுத்தா...”

“அப்பா, கேமரா இல்லாம வாங்க. அதோட வாறதுண்ணா வராதீங்க.”

வைத்துவிட்டாள். அழவில்லை, கத்தவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியின் வீட்டாரிடம் பேசுகிற மாதிரி பேசினாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒருவன் வேலையைப் பற்றி மரியாதை இல்லை சார். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கேமரா இல்லாமல் நான் அங்கே போய் என்ன செய்வேன்? பந்தியில் சாம்பார் ஊற்றவா? யோசித்துப் பார்த்தேன். அப்போதுதான் நீங்கள் கூப்பிட்டீர்கள். திங்கட்கிழமை, பதினொன்றரை. நன்றாக அமைந்துவிட்டது.

இவ்வளவுதான் என் பேச்சு. கடைசியில் ‘பயத்தை வெல்லுங்கள், கலை உங்களைக் கைவிடாது’ என்று முடிக்கலாம் என்று நினைத்தேன்.

நேற்று வின்ஸ்டன் வந்தான். நீங்கள் இருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தான். என்னைத் திட்டுவான் என்று பார்த்தேன், திட்டவில்லை. “அத்தான், சாயங்காலம் சபையில ரிகர்சல் நடந்தது” என்றான். “நான் கூட வாறேண்ணு சொன்னேன். வேண்டாம்னுட்டா. தனியா நடந்தா. ஒரு ஓரமா நடந்தா அத்தான். பக்கத்துல ஒரு ஆளுக்கு இடம் விட்டு நடந்தா. மாப்ள வீட்டுக்காரங்க எல்லாரும் பாத்தாங்க.” டீ குடிக்காமல் போய்விட்டான்.

அது எனக்கு ஒரு தொந்தரவாக இருக்கிறது. தொழில் ரீதியாகச் சொல்கிறேன். நீளமான நடைபாதை, இரண்டு பக்கமும் பெஞ்சு, நடுவில் பெண் வர வேண்டும். அவள் ஒரு ஓரத்தில் வருகிறாள். மறு பாதி காலி. அந்தப் படத்தை நேற்றிலிருந்து மனதுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பக்கம் வெட்டினாலும் சரியாக வரவில்லை. வெட்டினால் அவளும் போய்விடுகிறாள்.

என்ன கேட்டீர்கள்? பயமா? இல்லை சார். பத்து வருடமாக இல்லை. சொன்னேனே.

அவள் எந்தப் பக்கம் இடம் விட்டாள் என்று வின்ஸ்டனிடம் கேட்க மறந்துவிட்டேன். இடது பக்கமா, வலது பக்கமா? நான் எடுத்த கல்யாணங்களில் பெண்ணின் அப்பா எனக்கு இந்தக் கைப் பக்கம் வருவார். நான் எதிரில் நின்று பார்த்தது. அவருக்கு அது எந்தப் பக்கம்? அங்கே நின்று பார்த்தால்தான் தெரியும். கூட நடந்து பழக்கம் இல்லை.

சார், கொஞ்சம் எழுந்திருங்கள். தப்பாக நினைக்க வேண்டாம். நீங்கள் கிட்டத்தட்ட அவள் உயரம்தான். அந்தக் கதவுப் பக்கம் வாருங்கள். இதுதான் சபை வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள், திரைச்சீலை இருக்கிற இடம் பீடம். உங்கள் கையை இப்படிக் கொடுங்கள். இல்லை, நீங்கள் என் கையைப் பிடிக்க வேண்டும், அப்படித்தான் இருக்கும்.

இருங்கள், இந்தக் கேமரா கழுத்தில் தொங்கி உங்கள் தோளில் இடிக்கிறது. கழற்றி மேசையில் வைக்கிறேன்.

ம். நடங்கள்.

வேகமாகப் போகிறீர்கள். இல்லை, நான்தான் நின்றுவிட்டேன். பெண் வரும்போது போட்டோகாரன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடப்பான், அதுதான் எனக்குப் பழக்கம். பின்னால் நடந்தால் ஒரு பெஞ்சில்கூட இடிக்க மாட்டேன். முன்னால் பார்த்து நடக்கக் கால் வரவில்லை. எங்கே பார்க்க வேண்டும்? அவளையா, பீடத்தையா? இரண்டு பக்கமும் ஆட்கள் இருப்பார்கள், எல்லாரும் எழுந்து நிற்பார்கள். எல்லாரும் நம்மைத்தானே பார்ப்பார்கள். சுகிர்தா வீட்டார் முழுவதும் வலது பக்கம் இருப்பார்கள்.

நீங்கள் என் கையை அழுத்திப் பிடிக்கிறீர்கள். அவளும் இப்படிப் பிடிப்பாளா? தெரியாது. அவள் கையைப் பிடித்து வெகுநாள் ஆகிறது.

திங்கட்கிழமைக்கு வேறு ஆளைப் பாருங்கள் சார். நோட்டீஸில் என் பெயர் வந்துவிட்டால் பேனாவால் அடித்துவிடுங்கள். உங்கள் மாணவர்களிடம் என்ன சொல்வீர்களோ, உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள்.

கதவிலிருந்து இன்னொரு தடவை வருவோம். இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக.